விக்ரம் சாராபாய்: தும்பா வானத்தில் அவர் தேடியது, இன்று விமானத்தின் ஜிபிஎஸ்ஸுக்கு ஏன் முக்கியம்?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து பேச்செல்லாம் நிலத்தைப் பற்றித்தான். எத்தனை ஏக்கர், எந்த ஏரி, ஏகனாபுரம் மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்பதெல்லாம் தொடர்ந்து செய்தியாகி வருகிறது. ஆனால் விமானம் இறங்க நிலம் மட்டும் போதாது. வானமும் ஒத்துழைக்கணும். தென்னிந்தியாவின் மேல்வானம் இந்த விஷயத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் வானம்.

மழை, மேகம், பனிமூட்டம் பற்றிச் சொல்லவில்லை. அதற்கெல்லாம் வெகு மேலே, தரையிலிருந்து சுமார் 100 கி.மீ.யில் தொடங்கி பல நூறு கி.மீ. உயரம் வரை, மின்னேற்றம் கொண்ட மிக மெல்லிய காற்று இருக்கிறது. அயனி மண்டலம் என்று அதற்குப் பெயர். ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் சிக்னல் அதைக் கடந்துதான் விமானத்துக்கு வரவேண்டும். கடக்கும்போது தாமதமாகிறது. சில மாலை நேரங்களில் விட்டு விட்டு அறுந்தும் போகிறது.

இந்த அடுக்குக்குள் ராக்கெட் அனுப்பி நேரடியாக அளக்க இந்தியாவில் வழி போட்டவர் விக்ரம் சாராபாய். ஜிபிஎஸ் என்ற ஒன்றைப் பார்க்காமலே இறந்துபோனவர் அவர். அவர் வாழ்ந்த ஊரும் அவர் ராக்கெட் விட்ட ஊரும் இந்தச் சிக்கலின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. நடுவில் இருக்கிறது காஞ்சிபுரம். எப்படி என்று பார்ப்போம்.

ஜவுளி ஆலைக் குடும்பத்துப் பிள்ளை

விக்ரம் சாராபாய் 1919 ஆகஸ்ட் 12 அன்று அகமதாபாத்தில் பிறந்தார். அப்பா அம்பாலால் சாராபாய், காலிகோ மில்ஸ் நடத்திய பெரிய ஜவுளி ஆலை முதலாளி. அம்மா சரளாதேவி. காந்தி, தாகூர் போன்றவர்கள் வந்துபோன வீடு அது. ஆலையைக் கவனித்துக்கொண்டே வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் இயற்பியல் பக்கம் போனார்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படித்து 1940இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்ததால் இந்தியா திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட பொருள் காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து பூமியின் மேல் ஓயாமல் பொழியும் துகள்கள். இந்தத் துகள்களின் வரத்தைப் பூமியின் காந்தப்புலம் மாற்றுகிறது. எனவே எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்பது முக்கியம். அட்சரேகைக்கு அட்சரேகை வானம் மாறும் என்ற பாடத்தை அவர் கற்றுக்கொண்டது இங்கேதான்.

பெங்களூரில்தான் பரதநாட்டியக் கலைஞர் மிருணாளினியைச் சந்தித்தார். சென்னையின் பிரபல வழக்கறிஞர் சுவாமிநாதன், அம்மு சுவாமிநாதன் தம்பதியின் மகள் அவர். நேதாஜி படையின் கேப்டன் லட்சுமியின் தங்கை. 1942இல் சென்னையில் திருமணம் நடந்தது. போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் போய், வெப்பமண்டலப் பகுதிகளில் காஸ்மிக் கதிர்கள் குறித்த ஆய்வுக்கு 1947இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அதே 1947 நவம்பர் 11 அன்று அகமதாபாத்தில் பிசிக்கல் ரிசர்ச் லேபரட்டரி, சுருக்கமாக பிஆர்எல், தொடங்கப்பட்டது. சாராபாய்க்கு வயது 28. அதே ஆண்டு ஜவுளி ஆலைகளுக்கான 'அதிரா' ஆராய்ச்சிச் சங்கமும் உருவானது. அனுபவத்தையும் கைப்பழக்கத்தையும் மட்டும் நம்பி நடந்த ஆலைகளில், அளந்து பார்த்து முடிவெடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவருவதே அதன் வேலை. நூலோ வானமோ, முதலில் அளக்கணும் என்பது அவர் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்ட கொள்கை.

பிஆர்எல்லின் முதல் இயக்குநராக வந்தவர் கே.ஆர். ராமநாதன். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, வானிலைத் துறையில் பெயர் எடுத்தவர். மேல்வளிமண்டல ஆராய்ச்சி அங்கே வேர்பிடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அகமதாபாத்தோடு நிற்காமல் கொடைக்கானல், திருவனந்தபுரம், காஷ்மீரின் குல்மார்க் என்று பல அட்சரேகைகளில் பிஆர்எல் கருவிகள் வைத்தது.

வானத்தில் மின்சாரம் ஓடுகிறதா?

ஆமாம், ஓடுகிறது. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல்வானத்துக் காற்றில் மோதும்போது, அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து தனியாகின்றன. அதனால்தான் அந்தக் காற்றில் மின்சாரம் பாய முடிகிறது.

பூமியின் நடுவே வரைபடத்தில் நிலநடுக்கோடு இருப்பதுபோல, பூமியின் காந்தப்புலத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அந்தக் கோட்டில் காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் தரைக்கு இணையாக நிற்கும். அது இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டின் மேலே, 100 முதல் 110 கி.மீ. உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு பலமான மின்னோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு குறுகிய பட்டையாகப் பாய்கிறது. 'ஈக்குவடோரியல் எலெக்ட்ரோஜெட்' என்று விஞ்ஞானிகள் அழைப்பது இதைத்தான்.

சரி, இதைத் தரையிலிருந்தே அளக்க முடியாதா? காந்த ஊசியின் அசைவை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். நேரடியாக உள்ளே போய்ப் பார்ப்பதுதான் கஷ்டம். பலூன் 30, 40 கி.மீ.க்கு மேல் பொதுவாகப் போகாது. செயற்கைக்கோள் இவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது, காற்று உரசி விழுந்துவிடும். நடுவில் இருக்கும் இந்த இடத்துக்குள் நுழைந்து வர ஒரே வழி சிறிய ஆய்வு ராக்கெட்.

தும்பாவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

1962இல் இந்திய தேசிய விண்வெளி ஆராய்ச்சிக் குழு அமைந்தது. தலைவர் சாராபாய். காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில், கடலோரமாக இருக்கும் இடம் தேவைப்பட்டது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பா கிடைத்தது.

அது காலி நிலம் இல்லை. மீனவர்கள் வாழ்ந்த ஊர். புனித மரிய மகதலேனா தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா மூலம் மக்களிடம் பேசி இடம் பெறப்பட்டது. குடும்பங்கள் வேறு இடத்துக்குப் போயின. தேவாலயம் அலுவலகமானது. ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் போன கதை நாம் எல்லோரும் கேட்டதுதான். ராமேஸ்வரத்து இளைஞர் ஏ.பி.ஜே. அப்துல் கலாமும் அந்த முதல் குழுவில் இருந்தார்.

1963 நவம்பர் 21 மாலை, அமெரிக்காவின் நைக்கி அப்பாச்சி ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பியது. அதில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸிலிருந்து வந்தது. மேலே போய் அது விட்ட ஆரஞ்சு நிறப் புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, மேல்வானத்துக் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். சோவியத் ஒன்றியம் ஹெலிகாப்டரும் கணினியும் கொடுத்து உதவியது. பனிப்போர் நடந்த காலத்தில் எதிரெதிர் முகாம்கள் ஒரே கடற்கரைக்கு உதவியதற்குக் காரணம், அந்த வானம் உலகத்தில் எல்லோருக்கும் கிடைக்காத வானம் என்பதுதான். அடுத்த ஆண்டுகளில் காந்தமானிகளும் எலெக்ட்ரான் அளவிகளும் தும்பாவிலிருந்து அந்த மின்னோட்டப் பட்டைக்குள்ளேயே போய்வந்தன. 1967 நவம்பர் 20 அன்று இந்தியாவிலேயே செய்த முதல் ரோகிணி ராக்கெட் பறந்தது. 1968இல் தும்பா நிலையம் ஐநாவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதுக்கு என்று அன்றைக்கே கேட்டார்கள். வானிலை, தொலைத்தொடர்பு, கல்வி என்று சாராபாய் பதில் சொன்னார். விமானம் இறங்கும் கணக்கு அந்தப் பட்டியலில் முன்னால் இல்லை.

இருக்கும் இடம் தவறிய ஒரு விமானம்

ஆனால் விமானம் ஒன்று அவர் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. 1966 ஜனவரி 24 அன்று, ஜெனீவாவில் இறங்க வேண்டிய ஏர் இந்தியா போயிங் 707 ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதியது. விமானத்தில் இருந்த 117 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை ஹோமி பாபா.

விசாரணை சொன்ன காரணம் எளிமையானது, அதனாலேயே கொடுமையானது. விமானத்தின் வழிகாட்டும் கருவி ஒன்று வேலை செய்யவில்லை. மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி கணக்குப் போட்டார். தாண்டவில்லை. ரேடாரில் பார்த்த தரைக் கட்டுப்பாட்டாளர் திருத்திச் சொன்னதும் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. சில கிலோமீட்டர் தவறு, அந்தத் தவறு தெரியாமலே இறங்கியது. இரண்டும் சேர்ந்ததுதான் விபத்து.

பாபாவின் இடத்தில் அணுசக்தி ஆணையத் தலைவராக 1966 மே மாதம் சாராபாய் பொறுப்பேற்றார். விண்வெளி, அணுசக்தி இரண்டும் ஒரே தோளில். 1969 ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரோ பிறந்தது. 1971 அக்டோபர் 9 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அதற்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1971 டிசம்பர் 30 அன்று, தும்பாவுக்குப் பக்கத்தில் கோவளத்தில் தங்கியிருந்தபோது தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 52. மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஏவப்பட்டது 1978இல்தான்.

ஜிபிஎஸ்ஸுக்கு என்ன ஆகிறது?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ரிசீவர் தூரம் கணக்கிடுகிறது. ஒளியின் வேகத்தில் ஒரு நானோ விநாடி என்பது 30 செ.மீ. அயனி மண்டலத்தின் எலெக்ட்ரான்கள் சிக்னலை 50 நானோ விநாடி தாமதப்படுத்தினால், 15 மீட்டர் பிழை. சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில், மதிய நேரத்தில் நம்ம ஊர் வானத்தில் இது நடக்கக்கூடியதுதான். பிழை அதிகம் தெரிவது உயரக் கணக்கில். செயற்கைக்கோள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதால் அப்படி.

அமெரிக்கா, ஐரோப்பா வானத்திலும் இந்தத் தாமதம் உண்டு. வித்தியாசம் என்ன? அங்கே அது பெரும்பாலும் சமமாகப் பரவியிருக்கும். இங்கே மேடும் பள்ளமுமாக இருக்கும்.

இங்கதான் தும்பாவும் அகமதாபாத்தும் வருகின்றன. எலெக்ட்ரோஜெட்டை ஓட்டுகிற அதே மின்புலம், காந்த நடுக்கோட்டின் மேல் இருக்கும் எலெக்ட்ரான்களை உயரே தூக்குகிறது. மேலே போனவை நீரூற்றுபோல வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்குகின்றன. அதனால் நடுக்கோட்டின் மேல், அதாவது தும்பா, திருநெல்வேலி பக்கம், அடர்த்தி குறைகிறது. காந்த அட்சரேகையில் சுமார் 15 டிகிரி தள்ளி அடர்த்தி உச்சத்துக்குப் போகிறது. இந்தியாவில் அந்த உச்சம் இருக்கும் பகுதி அகமதாபாத், போபால் அட்சரேகை. சாராபாய் பிறந்த ஊர் சிகரத்தின் அடியில், அவர் ராக்கெட் விட்ட ஊர் பள்ளத்தின் அடியில். இரண்டுக்கும் நடுவே உள்ள சரிவில் இருக்கிறது காஞ்சிபுரம்.

மாலையில் இன்னொரு தொல்லை. சூரியன் மறைந்ததும் இந்த அடுக்கு திடீரென மேலே எழும்பி, அதன் அடியிலிருந்து எலெக்ட்ரான் குறைந்த 'குமிழிகள்' கிளம்புகின்றன. காந்த நடுக்கோட்டில் பிறக்கும் பெரிய குமிழிகள் வடக்கே அகமதாபாத் வரைகூட நீளும். இரவு 7 மணி முதல் நள்ளிரவு வரை, குறிப்பாக மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இது அதிகம். குமிழிக்குள் நுழையும் சிக்னல், நட்சத்திரம் மினுக்குவதுபோல மினுக்கும். மினுக்கல் அதிகமானால் ரிசீவர் அந்தச் செயற்கைக்கோளையே தவறவிடும்.

ககன் என்ன செய்கிறது?

செல்போனில் 15 மீட்டர் தவறினால் ஆட்டோ பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும், அவ்வளவுதான். மேகத்துக்குள் ஓடுபாதையை நோக்கி இறங்கும் விமானத்துக்கு நிலைமை வேறு. அங்கே துல்லியத்தைவிடப் பெரிய கேள்வி நம்பகம். தவறு இருந்தால் அது விமானிக்கு உடனே தெரியணும். மோன் பிளாங்கில் நடக்காமல் போனது அதுதான்.

இதற்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது 'ககன்' அமைப்பு. நாடு முழுவதும் 15 தரை நிலையங்கள் ஜிபிஎஸ் சிக்னலைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அகமதாபாத்தும் திருவனந்தபுரமும் அவற்றில் உண்டு. அவற்றின் தகவல் பெங்களூரு கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், திருத்தமாக மாறி, ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாக விமானத்துக்கு வரும்.

பாவும் ஊடையும் ஓடுவதுபோல, வானத்தை 5 டிகிரி இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு சந்திப்புக்கும் தாமதம் எவ்வளவு என்று ககன் சொல்கிறது. ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 550 கி.மீ. காஞ்சிபுரத்துக்கு நேர் மேலே உள்ள அளவு, அதைச் சுற்றியுள்ள நான்கு முனைகளின் அளவிலிருந்து கணக்கிடப்படும். அமெரிக்க வானத்தில் இதற்கு ஒரே ஒரு மெல்லிய அடுக்கு இருப்பதாக எடுத்துக்கொண்டாலே போதும். நம்ம வானத்தின் சரிவுகளுக்கு அது சரிவரவில்லை. அதனால் பல அடுக்குகளாகப் பிரித்துக் கணக்கிடும் தனி முறையை இஸ்ரோ உருவாக்க வேண்டியிருந்தது.

கூடவே ஒவ்வொரு முனைக்கும் 'பிழை இதைத் தாண்டாது' என்ற எல்லையும் அனுப்பப்படும். ககன் சான்று பெற்ற செங்குத்து வழிகாட்டலுக்கு, உயரத்தில் அனுமதிக்கப்பட்ட எச்சரிக்கை எல்லை 50 மீட்டர். அதைத் தாண்டும் வாய்ப்பு வந்தால் 10 விநாடிக்குள் விமானிக்கு எச்சரிக்கை போகணும். எச்சரிக்கை இல்லாமல் தவறு நடக்கும் வாய்ப்பு, ஒரு கோடி இறக்கங்களுக்கு இரண்டு என்ற அளவைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ககனுக்கு முதல் சான்று கொடுத்த நாள் 2013 டிசம்பர் 30. சாராபாய் இறந்து சரியாக 42 ஆண்டுகள். யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை, தேதி அப்படி அமைந்துவிட்டது. 2015 ஏப்ரலில் செங்குத்து வழிகாட்டலுக்கும் சான்று கிடைத்தது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன் உதவியோடு இறங்கியது. ஐஎல்எஸ் என்ற விலை உயர்ந்த தரைக் கருவி இல்லாத சின்ன விமான நிலையங்களுக்கு இதுதான் பெரிய நன்மை.

பயணிகள் பயப்படணுமா?

வேண்டாம். வானம் கலங்கும் மாலையில் ககன் தவறான அளவைக் கொடுத்து ஏமாற்றும்படி வடிவமைக்கப்படவில்லை. நம்ப வேண்டாம் என்று சொல்லி ஒதுங்கும். விமானி ஐஎல்எஸ் போன்ற வேறு வழியில் இறங்குவார், அல்லது வேறு ஊருக்குப் போவார். 2003 அக்டோபர் இறுதியில் வந்த சூரியப் புயலின்போது, அமெரிக்காவின் இதேபோன்ற அமைப்பே பல மணி நேரம் செங்குத்து வழிகாட்டலை நிறுத்தி வைத்தது. உயிருக்கு ஆபத்து இல்லை, சேவைதான் இல்லாமல் போகிறது. ஆனால் ககனை மட்டுமே நம்பும் ஒரு சின்ன விமான நிலையத்துக்கு, அந்த ஒரு மாலை என்பது ரத்தான விமானம்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. போலி சிக்னல் அனுப்பி ஜிபிஎஸ்ஸை ஏமாற்றும் 'ஸ்பூஃபிங்' மனிதர்கள் செய்வது. அயனி மண்டலத் தொல்லை இயற்கை. இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

இயற்கைத் தொல்லைக்கு ஒரு வழி, இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் வாங்குவது. அலைவரிசைக்கு ஏற்பத் தாமதம் மாறுவதால், இரண்டையும் ஒப்பிட்டால் தாமதத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். ஆனால் மினுக்கலை அது தீர்க்காது. சிக்னலே அறுந்தால் ஒப்பிட என்ன இருக்கும்? குமிழி எப்போது, எங்கே எழும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் மீதி வழி. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் உள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகமும், தும்பா, அகமதாபாத் விஞ்ஞானிகளும் இன்றும் செய்யும் வேலை அதற்கு உதவுவதுதான்.

தும்பாவில் வீட்டையும் கோயிலையும் விட்டுக்கொடுத்த மீனவர்களிடம், இது ஒரு நாள் விமானங்களுக்கு உதவும் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. சாராபாய்க்கே தெரியாது. உடனே பலன் தெரியாத ஓர் அளவீட்டை ஒரு ஏழை நாடு பொறுமையாகத் தொடர்ந்தது. பிறகு தேவை வந்தபோது, அந்த வானத்தைப் புரிந்துகொண்ட விஞ்ஞானிகள் இங்கேயே இருந்தார்கள். வெளிநாட்டுக் கணக்கு முறையை அப்படியே வாங்கிப் போட்டிருந்தால், நம்ம ஊர் வானத்துக்கு அது பொருந்தியிருக்காது.